பம்பாய் போகாத மகனுக்கு

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது உன்னிடம் நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை நீ கம்ப்யூட்டரில் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை எந்தத் தடையும் இல்லை. வீட்டில் நாம் இருவர்தான், நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். நாற்பத்தொன்பது வயதில், இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பெடுக்கிற ஒருத்திக்குத் தன் பிள்ளையிடம் நாலு வாக்கியம் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கென்று எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் உனக்குச் செய்தது ஊர் பார்க்க நடந்தது, மைக் பிடித்து, ஆயிரம் பேருக்கு முன்னால். அதற்குரிய பதிலை அடுக்களையில் வைத்துக் காதோடு சொல்லி முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த மாதம் உன் கம்பெனி உன்னை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. மூன்று வருடம் என்கிறார்கள். "அப்புறம் திரும்பி வருவேல்ல?" என்று உன் அப்பா கேட்டதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பு. பதில் சொல்லாமல் இருக்க நீ ஐந்து வருடங்களாக அதைத்தான் பயன்படுத்துகிறாய். நீ கிளம்புவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

எழுதத் தூண்டியது இன்னொன்றும் உண்டு. இந்த வருடம் வெளிநாட்டில் பூமிக்கு அடியில் பெரிய வளையமாகச் சுரங்கம் கட்டி, அணுவுக்குள் இருக்கிற துகள்களை மோதவிடும் இயந்திரத்தை ஓடவிட்டார்களே, அன்றைக்கு என் வகுப்பில் பாதிப் பெண்கள் வரவில்லை. உலகம் அழியப்போகிறது என்று டிவியில் சொன்னார்களாம். வந்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்து, "மேடம், எப்படியும் அழியப்போகுதுன்னா டெஸ்ட்டைத் திங்கக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம்ல" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ரத்தினவேல் அண்ணனிடமிருந்து போன். அவரை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனையில் அச்சகம் வைத்திருப்பவர், எங்கள் தெருக் கோயில் திருவிழாக் கமிட்டியின் செயலாளர். "டீச்சர், ஊரே அந்த மிஷினப் பத்தித்தான் பேசுது. திருவிழா வரைக்கும் காத்திருக்க வேணாம், இந்த நவராத்திரிக்கே நம்ம பழைய பட்டிமன்றத்த மறுபடியும் போட்டுருவோம். நீங்க அதே பேச்சப் பேசுனாப் போதும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

பழைய பட்டிமன்றம் என்று அவர் சொன்னது ஐந்து வருடங்களுக்கு முந்தையது. அந்தக் கோடையில் வைகையில் மணல் மட்டும்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வந்தது. நீ நாகமலை புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாய். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்தது. நம் நாட்டிலும் ஏதோ ஒரு மலையைக் குடைந்து, அடியில் கருவிகளை வைத்து, நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்கப்போவதாகப் பேப்பரில் அப்போது பேச்சு அடிபட்டது. நீ போய்ச் சேர விரும்பியது அந்த வேலையில்தான்.

ரத்தினவேல் அண்ணன் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். "வருசா வருசம் மாமியாரா மருமகளான்னு போட்டு எங்களுக்கே சலிச்சுப்போச்சு டீச்சர். இந்த வருசம் படிச்ச தலைப்பா ஒண்ணு போடுவோம்னு கமிட்டில முடிவு பண்ணிருக்கோம். நீங்க பிசிக்ஸ்தான? எங்களுக்கு வேற ஆளு எங்க இருக்கு?" தலைப்பையும் அவரே சொன்னார்: காணாத துகளுக்குக் கோடிகளைக் கொட்டுவது அறிவா, ஆடம்பரமா? அணிக்கு மூன்று பேர். என்னை 'அறிவே' அணியில் போட்டிருந்தார். நான் மேடை ஏறுகிறவள் இல்லை. கல்லூரி ஆண்டு விழாவில்கூட நன்றியுரை தவிர வேறு எதையும் பேசியதில்லை. ஆனால் நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏத்துக்கம்மா, நான் சொல்லித் தாரேன்" என்றாய். ஏற்றுக்கொண்டேன்.

நாலு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ பேசினாய், நான் குறிப்பெடுத்தேன். உனக்கு அப்படிப் பேச வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "சூரியனோட நடுவுல இருந்து வெளிச்சம் வெளியேறி வர ஆயிரக்கணக்கான வருசம் ஆகும்மா. இது மட்டும் நேரா எட்டு நிமிசத்துல நம்மகிட்ட வந்துருது. உள்ள இப்ப என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்ற ஆளு இது ஒண்ணுதான்" என்றாய். அதற்கு எடை உண்டு, மிக மிகக் குறைவு, பல வருடம் எடையே இல்லை என்றுதான் நினைத்திருந்தார்கள் என்றாய். இதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று நான் கேட்டேன். மேடையில் கேட்பார்களே. "தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஏன் தேடணும்?" என்றாய். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இத மேடைல சொன்னா அடிப்பாய்ங்க" என்று சிரித்தாய்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. அந்தத் துகள் வருகிற வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவதைப் பற்றி, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாய். இரண்டாவது வரியில் எனக்குக் கை நின்றுவிட்டது. கேள்வி கேட்டேன். அது தப்பான கேள்வி என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது. நீ தாளை மெதுவாக உன் பக்கம் இழுத்துக்கொண்டு, "விடும்மா, அது வேணாம், மேடைக்குத் தேவைப்படாது" என்றாய். அதில் ஏளனம் துளியும் இல்லை. ஏளனமாகச் சொல்லியிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். நான் என் மாணவிகளிடம், இனி இவளுக்குப் புரியாது என்று முடிவு செய்த பிறகு பேசுகிற அதே கனிவு உன் குரலில் இருந்தது.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். நோட்டீஸ் இன்னும் அச்சாகவில்லை. "அண்ணே, என்னை ஆடம்பரம் பக்கம் போட்டுருங்க" என்றேன்.

"ஏன் டீச்சர், உங்களுக்கு அறிவுதான தோது?"

"ஆடம்பரத்துல பேச எனக்கு நெறைய இருக்கு."

"அப்படிப் போடுங்க!" என்று மேசையைத் தட்டினார். "நானே சொல்லலாமான்னு இருந்தேன். அறிவுப் பக்கம் பேசுனா சனம் எந்திரிச்சுப் பணியாரம் வாங்கப் போயிரும். நம்ம தமிழய்யாவ அந்தப் பக்கம் தள்ளிருவோம், அவருக்கு எதுனாலும் சரி."

உன்னிடம் வந்து, நடுவர் அணியை மாற்றிவிட்டார் என்று சொன்னேன். இன்றுவரை நீ அதை அப்படித்தான் நம்புகிறாய். நடுவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டு மாறியது நான். அன்று நீ என்ன செய்தாய் தெரியுமா? "பரவாயில்லம்மா, அந்தப் பக்கத்துக்கும் பாயிண்டு சொல்றேன்" என்று நாலாம் நாளும் எதிரே உட்கார்ந்தாய். உன் வேலைக்கு எதிராக என்னவெல்லாம் சொல்லலாம் என்பதை நீயே வரிசையாகச் சொன்னாய், ஒன்றையும் மறைக்காமல்.

பட்டிமன்றம் சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கியது. என் முறை வந்தபோது முதல் இரண்டு நிமிடம் குறிப்பைப் பார்த்தே படித்தேன். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. "என் மகனே ஒரு ஆராய்ச்சிக்காரன் ஆகப்போறான். அவன் சொல்றான், அம்மா, இந்தத் துகள் இருக்கே, ஒரு நொடிக்குக் கோடி கோடியா நம்ம உடம்பு வழியாப் போகுது, வாரதும் தெரியாது, போறதும் தெரியாது, நமக்கு ஒண்ணுமே செய்யாதுன்னு. நான் கேட்டேன், ஏன்டா, நம்ம வார்டு கவுன்சிலரையா சொல்ற?"

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விசில். முன்வரிசையில் கவுன்சிலரே வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அந்த மனுசன நேர்ல பிடிக்கவே நம்மனால முடியல, இதப் பிடிக்க மலையக் கொடையப் போறாங்களாம்!" இன்னொரு அலை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "என் மகன் இருக்கானே, லாரி வந்தா ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டான். எடையே இல்லாத ஒண்ணத் தூக்க மலைக்கு அடியில போறேங்கிறான்!"

எடை உண்டு என்று நீ சொல்லியிருந்தாய். இல்லை என்றால்தான் சிரிப்பார்கள். தண்ணீர் விஷயமோ முழுப் பொய். அந்தக் கோடை முழுக்க லாரி வந்த ஒவ்வொரு நாளும் நம் வீட்டுக்கும் மாடி வீட்டு அம்மாவுக்கும் சேர்த்துத் தூக்கியது நீ. கூட்டத்தில் உன்னோடு நின்றிருந்த பையன்கள் உன் முதுகில் தட்டுவதை மேடையிலிருந்து பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். தீர்ப்பு ஆடம்பரமே என்று வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாப் பேசினம்மா. டைமிங் நல்லா இருந்துச்சு" என்றாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நீ மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. முடியவிடவில்லை. மைக் செட்காரர் அதைப் பதிந்து கேசட்டாக விற்றார். காதுகுத்து, கல்யாணம், கடைத் திறப்பு எல்லாவற்றிலும் குழாயில் என் குரல். மினி பஸ்ஸில் என் குரல். நீ ஏறினால் கண்டக்டர், "ஏய், கவுன்சிலர் வாராரு, எடம் விடு" என்பாராம். உன் வகுப்புப் பையன்களுக்கு நீ 'மாப்ள கவுன்சிலரு' ஆகிவிட்டாய். உன் அப்பாவுக்கோ என் மேல் அப்படியொரு பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன் கேசட்டைப் போட்டுவிடுவார். "இந்தா, அந்த எடம் வருது, கேளுங்க, கேளுங்க" என்று கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ அறையிலிருந்து வெளியே வரமாட்டாய். நான் அடுக்களையில் இருந்தபடி, எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம் உன்னைப் பம்பாய்க்கு ரயிலேற்றிவிட்டோம். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாய். "கெடைக்கலம்மா" என்றாய். "என்ன கேட்டாங்க?" என்றேன். "பொதுவாத்தான் கேட்டாங்க" என்று குளிக்கப் போய்விட்டாய். அடுத்த மூன்று மாதத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி, பெங்களூர். ஊரில் எல்லோரும் நல்ல புத்தி வந்துவிட்டது என்றார்கள். நானும் அந்த ஊரில்தான் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து உன் சிநேகிதன் செந்தில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். சமயநல்லூரில் அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறாரே, அந்தச் செந்தில். நீ வருவாயா என்று பேச்சு வந்தது. "வராமப் போயிருவானாம்மா? அஞ்சு நாளு எங்க வீட்டு மாடில எங்கம்மா கையால சாப்பிட்டவனாச்சே" என்றான். எந்த ஐந்து நாள் என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதாம்மா? போச்சுடா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

நீ பம்பாய் போகவே இல்லை. திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் பிடித்துச் சமயநல்லூர் போய், அவன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஐந்து நாள் படுத்திருந்தாய். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில். நான் தினமும் பம்பாயில் மழை எப்படி என்று பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று செந்திலிடம் கேட்டேன். தயங்கினான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அங்க உக்கார வச்சு, இது எதுக்குத் தம்பி, இம்புட்டுச் செலவுல என்ன பிரயோசனம்னு கேப்பாய்ங்களாம். பதிலு அவனுக்குத் தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துருக்கான். வாயத் தொறந்தாலே நீங்க மைக்குல பேசுனதுதான் காதுல கேக்குதாம், அவனுக்கே சிரிப்பு வந்துருதாம். நான் வஞ்சேன்மா. 'ஏன்டா, அம்மா சும்மா மேடைக்குப் பேசுனது, அத போயி'ன்னேன். அதுக்கு அவன், 'எங்கம்மா பிசிக்ஸ் டீச்சருடா, மாப்ள. எல்லாம் தெரிஞ்சவங்க. நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டு அப்புறமும் அவங்களுக்கு அது சிரிப்பாத்தான் இருந்துச்சு'ன்னான்."

அவனுக்குக் காபி கொடுத்தேன். கல்யாணத்துக்கு வாரோம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பின் மூன்று வருடம் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்து போனாய்.

நீ நம்பியது தவறு, தம்பி. எனக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. எட்டு நிமிடத்தில் சூரியனின் நடுவிலிருந்து வந்து சேர்கிறது என்று நீ சொன்ன அந்தச் சாயங்காலம், நான் எழுந்து போய் அடுக்களை ஜன்னலில் நின்றேன். என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை மேடையில் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் கேட்பவர்கள் உன்னைத்தான் நினைப்பார்கள், என்னை நினைக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கும் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது, நீ படித்த அதே வளாகத்தில். கல்யாணம் ஆனதால் போகவில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா வீட்டார் தடுத்தார்கள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. அவர்கள் "படிக்கட்டுமே" என்றுதான் சொன்னார்கள். சேர வேண்டிய நாளில் வளாகத்து வாசல் வரை போனேன். என்னால் முடியாது என்று பயந்து அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதற்குப் பிறகு, ஆராய்ச்சி என்று கிளம்புகிற எவரைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு கேள்வி எழும்பும், இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று. அதை நான் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று தெரிந்த அன்று, அந்தக் கேள்வியை உன்மேல் வீசினேன். மகன்மேல் பொறாமைப்படுகிற தாய் இருப்பாளா என்று கேட்பார்கள். இருந்தேன்.

இதற்காக நான் இப்போது மனம் மாறி, துகள் ஆராய்ச்சிக்கு எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. என் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கிற நிறமாலைமானி பதினான்கு பெண்களுக்கு ஒன்றுதான். அதன் கண்ணாடிப் பட்டகத்தில் ஒரு முனை உடைந்திருக்கிறது. நல்ல முனையை ஒளிக்குத் திருப்பி வைப்பது எப்படி என்பதைத்தான் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அதைப் பார்க்கும்போது இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அன்று நான் வைத்த வாதத்தை ஒரு மாணவி தேர்வில் எழுதியிருந்தால் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன். மலையைக் குடையாமல் விட்டால் அந்தப் பணம் பழங்காநத்தத்துக் குழாயில் தண்ணீராக வரும் என்று நான் எங்கே நிறுவினேன்? ஒரு படியைத் தாண்டிக் குதித்தேன். சிரிப்பு அந்தப் படியை மறைத்துவிட்டது. மலை இன்னும் குடையப்படவில்லை. இந்தக் கோடையிலும் லாரிதான் வந்தது. கேள்வி நல்ல கேள்வி, கேட்க வேண்டியதுதான். அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நான் கேட்கவில்லை. உனக்கு அறிவுரை என்று ஒன்று சொல்வதானால் இதைச் சொல்வேன். யாராவது உன்னிடம் கடினமான கேள்வி கேட்டால் பதில் தேடு. கேட்டவருக்குப் பதில் வேண்டுமா என்பதையும் பார். இன்னொன்று. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு அமையும். அந்த வீட்டுக்குள் ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே எடுத்துப்போய் விற்காதே, எவ்வளவு நல்ல விலை கிடைத்தாலும்.

ரத்தினவேல் அண்ணன் போன் செய்த மறுநாள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நினைவிருக்கிறதா? "மறுபடியும் பேசச் சொல்றாங்கப்பா" என்றேன். "பேசும்மா. அதையே பேசு. நல்லா இருக்கும்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. போனை வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன். இந்த முறை அறிவே அணியில் போடுங்கள் என்றேன். "டீச்சர், ஃபிளெக்ஸ்லயே கவுன்சிலர் புகழ்னு போட்டுட்டோமே" என்று தலையைச் சொறிந்தார்.

போன மாதம் அது நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. முன்பு நான் பேசியதில் இரண்டு பொய் இருந்தது என்று தொடங்கினேன். என் மகன் தண்ணீர் தூக்கியவன் என்றேன். கூட்டம் சிரித்தது, அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தது. வரவில்லை. சூரியனைப் பற்றி நீ சொன்னதைச் சொன்னேன். இரண்டு நிமிடம் பொறுத்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர், கவுன்சிலரு!" என்றார். இன்னொருவர், "கவுன்சிலரு என்ன ஆனாரு, அதச் சொல்லுங்க!" பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் அந்த நகைச்சுவையைச் சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் நேரம் முடியும் முன்னே நடுவர் மணியடித்து, மைக்கை வாங்கி, "அம்மா மறந்துட்டாங்க, நான் சொல்றேன்" என்று அதைச் சொல்லி முடித்தார், என்னைவிட நன்றாக. விசில் பறந்தது. தீர்ப்பு போன முறையைப் போலவேதான். நான் விற்றதைத் திரும்ப வாங்க முடியாது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அப்பா, "ஏன் இப்படிச் சொதப்பிட்ட? அம்புட்டுச் சனமும் உனக்காகத்தான் வந்துச்சு" என்றார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அணி மாறியது, திண்டுக்கல், சமயநல்லூர் மாடி. அவர் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "அவன் உள்ள இருக்கும்போதுதான நான் கேசட்டப் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அலமாரியில் கேசட் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று உன்னைக் கூப்பிட இதை எழுதவில்லை. ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க உனக்கு வயது இன்னும் கடந்துவிடவில்லை என்று உன் பழைய பேராசிரியர் செந்திலிடம் சொல்லியிருக்கிறார். காதில் விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அமெரிக்காவுக்குப் போ, போகாமல் இரு, அது உன் முடிவு. நீ எடுத்த முடிவு என்று ஊர் நினைக்கிற ஒன்று, நான் சொன்ன பொய்யின்மேல் எடுக்கப்பட்டது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியாமல் நீ விமானம் ஏறக் கூடாது.

போன முறை உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி ஊருக்குச் சொன்னேன். அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு நான் அனுப்பவில்லை. பெங்களூருக்கு உன் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். உள்ளே இன்னொரு உறை இருக்கும். அதில் பத்திரிகையின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, என்னிடம் வேறு படி கிடையாது. வேண்டாம் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு, நான் கேட்க மாட்டேன். ஊர் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தால், தபால் பெட்டியில் போட வேண்டியவன் நீ.